நிலத்தடிச் செல்வம் – 11: மழை என்று பெயர் வைத்த பணம்

ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியில் இயற்கை வளங்களிலிருந்து வரும் வருமானத்தின் பங்கு எவ்வளவு என்று உலக வங்கி நாடுவாரியாக ஓர் அட்டவணை வெளியிடுகிறது. தோண்டி எடுத்த பொருளின் சந்தை விலையிலிருந்து எடுப்புச் செலவைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு என்பதுதான் அந்தக் கணக்கு. தஞ்சைப் பக்கத்துப் பழைய சொல்லில் அதற்கு மேல்வாரம் என்று பெயர். பாடுபட்டவனுக்குக் குடிவாரம், மண் தன்னுடையது என்ற ஒரே உரிமையில் வந்து சேர்வது மேல்வாரம். எண்ணெய்க்கும் செம்புக்கும் இந்தக் கணக்குதான்.

இந்த அட்டவணையில் போட்ஸ்வானாவைத் தேடிப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மிகச் சிறிய ஓர் எண் நிற்கும். இத்தனைக்கும் ஆப்பிரிக்காவிலேயே நிலத்தடிச் செல்வத்தை அதிகம் நம்பி வாழ்ந்த நாடுகளில் ஒன்று அது. காரணம் எளியது. தாதுக்களுக்கான கணக்கில் பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம், வெள்ளீயம், துத்தநாகம், நிக்கல், பாக்சைட், பாஸ்பேட் ஆகியவை உண்டு. வைரம் இல்லை. கல்லுக்குக் கல் விலை மாறும் பொருளுக்கு ஒரு சந்தை விலையை எப்படிப் போடுவது? ஆகவே ஒரு தேசத்தின் பாதி வருமானம் அந்த அட்டவணையில் ஏறவே இல்லை. சென்ற இதழில் பார்த்தது நவ்ரு தீவு, தன் பாஸ்பேட் மண்ணைச் சுரண்டி விற்று, விற்ற பணத்தையும் இழந்து நின்ற கதை. இந்த வாரக் கதையில் மேல்வாரம் யாருக்கு என்ற கேள்விக்கு, வைரம் கண்ணில் படுவதற்கு முன்பே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

1966 செப்டம்பர் 30 அன்று பெச்சுவானாலாந்து என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புப் பகுதி போட்ஸ்வானா ஆனது. பரப்பில் தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல்; மக்கள்தொகை ஆறு லட்சத்துக்குள். பெரும்பகுதி கலஹாரி மணல். 1885 முதல் ஆண்ட பிரிட்டன் அங்கே ஒரு தலைநகரைக்கூடக் கட்டவில்லை; கடைசிக்கு முந்திய ஆண்டுவரை நிர்வாகம் நடந்தது எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் ஊரிலிருந்து. விடுதலை நாளில் நாடு முழுவதிலும் தார் போட்ட சாலை 12 கிலோமீட்டர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற சொந்த மக்கள் 22 பேர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் 100 பேர். ஒரு சராசரி தமிழ்நாட்டுத் தாலுகாவில் அன்று இதைவிட அதிகம் படித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

அதற்கு மேல் பஞ்சம். மாடுதான் அந்த மக்களின் சொத்து, சீதனம், மரியாதை எல்லாம். தொடர்ந்து மழை பொய்த்ததில் மாடுகளில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போனது. வேலைக்குத் திராணி உள்ள ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அரசாங்கச் செலவில் ஏறத்தாழப் பாதியை பிரிட்டன் தரும் மானியத்தில் ஓட்ட வேண்டிய நிலை.

இந்த நாட்டுக்கு முதல் குடியரசுத் தலைவராக வந்தவர் செரெட்சே காமா. எட்டுப் பெரிய குலங்களில் மிகப் பெரியதான பங்வாட்டோ குலத்தின் பட்டத்து வாரிசு. லண்டனில் சட்டம் படிக்கப் போன இடத்தில் 1948இல் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். தொடக்கத்தில் எதிர்த்த குலத்தார், செரோவே ஊரின் கோட்லாவில், அதாவது நம் ஊர்ப்பொது மன்றம் போன்ற திறந்தவெளிக் கூட்டத்தில், நாள் கணக்கில் பேசி அவரையே தலைவராக ஏற்றார்கள். ஏற்காதது பிரிட்டன். நிறவெறிச் சட்டங்களைக் கொண்டுவந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் பொன்னும் யுரேனியமும் பிரிட்டனுக்குத் தேவைப்பட்டன. பக்கத்து வீட்டில் ஒரு கறுப்புத் தலைவனும் வெள்ளை மனைவியும் வாழ்வதைத் தென்னாப்பிரிக்கா பொறுக்காது. 1950இல் பேச்சுவார்த்தை என்று லண்டனுக்கு வரவழைத்து, திரும்ப விடாமல் நிறுத்திக்கொண்டார்கள். 1956இல் தலைமைப் பட்டத்தைத் துறந்த பிறகுதான் அவர் ஊர் திரும்ப முடிந்தது. யாரோ ஒருவர் நிலத்தடியில் இருந்த பொன்னுக்காகத் தன் ஊரை இழந்த மனிதர் அவர். பின்னால் அவர் எடுத்த முடிவுகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த ஆறு ஆண்டுகள் என் நினைவுக்கு வருகின்றன.

அந்த முடிவுகளில் தலையாயதுக்கு வருவோம். பழைய முறைப்படி நிலத்தடி உரிமை அந்தந்தக் குலத்துக்கு உரியது. தன் எல்லைக்குள் சுரங்கம் தோண்ட யாருக்கு அனுமதி, அதற்கு என்ன விலை என்பதைக் குலத் தலைவர் பேசி முடிப்பார். நிலத்தடியில் இருப்பது நாட்டுக்குப் பொது என்று செரெட்சேயின் கட்சி 1965 தேர்தல் அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. 1967இல் சுரங்கச் சட்டம் வந்தது. குலங்கள் தங்கள் உரிமையை அரசுக்கு எழுதிக் கொடுத்தன. முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது செரெட்சேயின் சொந்தக் குலம். வாரிசே முன்னின்று கேட்டபோது மற்றவர்களால் எளிதில் மறுக்க முடியவில்லை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் அதே காலத்தில் ஆப்பிரிக்காவின் மற்ற பகுதிகளைப் பார்க்க வேண்டும். 1960 ஜூன் 30இல் விடுதலை பெற்றது காங்கோ. பதினோராம் நாள், செம்பு விளையும் கட்டாங்கா மாகாணம் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. சுரங்க நிறுவனமான யூனியன் மினியேர், மைய அரசுக்குக் கட்ட வேண்டிய பணத்தைப் பிரிவினைத் தலைவர் சோம்பேயிடம் கட்டியது. நைஜீரியாவில், போட்ஸ்வானா சட்டம் போட்ட அதே 1967இல், மே 30 அன்று கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்று பிரிந்தது. அந்தப் போருக்கு இனப் படுகொலைகள் உள்ளிட்ட வேறு ஆழமான காரணங்கள் உண்டு. ஆனால் எண்ணெய்க்கான உரிமத்தொகை லாகோஸில் இருந்த மைய அரசுக்கா பயாஃப்ராவுக்கா என்ற சண்டையும் அதில் கலந்தது. 1970 ஜனவரிக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலோர் பட்டினியால். மேல்வாரம் யாருக்கு என்று பொருள் கிடைத்த பிறகு பேசத் தொடங்கினால் விலை இப்படித்தான் இருந்தது.

போட்ஸ்வானாவிலும் எல்லாம் மன நிறைவோடு நடந்துவிடவில்லை. அதிகாரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போவதைக் கண்டு கசந்தவர்களில் பங்வாகெட்சே குலத் தலைவர் இரண்டாம் பாத்தோயென் ஒருவர். 1969இல் பட்டத்தைத் துறந்து எதிர்க்கட்சியில் சேர்ந்து, கான்யே தொகுதியில் துணைக் குடியரசுத் தலைவர் குவெட் மசீரேயையே தோற்கடித்தார். அந்தக் கோபத்தின் எடை சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் புரிந்தது. உலகிலேயே மதிப்பு மிகுந்த வைரக் குழி அவர் குலத்தின் மண்ணுக்குக் கீழே கிடந்தது.

வைரம் கிடைத்த விதம் தனியே சொல்ல வேண்டியது. கிழக்கே லிம்போபோவை நோக்கி ஓடும் மோட்லோட்சே என்ற ஆறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். 1950களில் அதன் மணலில் பொடிப்பொடியாகச் சில வைரங்கள் அகப்பட்டன. ஆற்றில் வந்தவை என்றால் மேலே எங்கோ ஊற்றுக்கண் இருக்க வேண்டும். தலைப்புவரை தேடியும் ஒன்றும் இல்லை. டி பியர்ஸ் நிறுவனத்தின் நிலவியலாளர் கேவின் லாமண்ட் ஆற்றை விட்டுவிட்டு நிலத்தை யோசித்தார். பூமியின் மேல்தோல் வெகு காலத்துக்கு முன் இங்கே மேடிட்டு எழும்பியிருந்தால்? அப்படியானால் ஆற்றின் பழைய தலைப்பு மேட்டுக்கு அப்பால் துண்டுபட்டுப் போயிருக்கும். நீர்பிரி மேட்டைத் தாண்டி மேற்கே தேடச் சொன்னார். 1967இல் அங்கே ஒராபா கிடைத்தது. நூறு ஹெக்டேருக்கும் மேல் பரந்த கிம்பர்லைட் பாறைக் குழாய். வைரத்தை ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்த பழைய எரிமலைத் தொண்டை.

தெற்கே, பாத்தோயென் குலத்தின் மண்ணில் இருந்த ஜ்வானெங்கில் வேறு சிக்கல். பாறைக்கு மேல் கலஹாரி மணல் பல ஆள் உயரத்துக்கு மூடியிருந்தது. மேலே நின்று பார்ப்பவருக்குப் புல்லும் முள்ளும்தான். அங்கே துப்புக் கொடுத்தவை கறையான்கள். புற்றுக்கு ஈரம் வேண்டிக் கறையான் வெகு ஆழம் இறங்கும். இறங்கிய இடத்திலிருந்து மண்ணைத் துகள் துகளாக மேலே சுமந்து வரும். அந்தத் துகளில் கார்னெட்டும் இல்மனைட்டும் இருந்தன. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் தாதுக்களின் இனம்தான். ஆனால் இந்த வகை கிம்பர்லைட்டோடு சேர்ந்தே காணப்படும். சலித்த மண்ணில் அவற்றை அடையாளம் கண்டவர்கள் கீழே துளையிட்டார்கள். ஒராபா 1971இல் வைரம் தரத் தொடங்கியது, ஜ்வானெங் 1982இல். அந்தப் பெயருக்குச் செட்ஸ்வானா மொழியில் சிறு கற்கள் உள்ள இடம் என்று பொருள்.

கண்டுபிடித்தவர்கள் டி பியர்ஸ். தோண்டத் தெரிந்தவர்களும் விற்கத் தெரிந்தவர்களும் அவர்களே. உலக வைரச் சந்தையில் பெரும்பகுதி அன்று அவர்கள் கைக்குள். எதிரே உட்கார்ந்தது 22 பட்டதாரிகள் கொண்ட நாடு. 1969இல் தொடங்கிய கூட்டு நிறுவனத்தில் அரசுக்குக் கிடைத்த பங்கு 15 விழுக்காடு. ஒராபா எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இலாபம் தந்தது. பக்கத்திலேயே லெட்லகானேயில் இருந்த சிறு குழாய்களையும் தோண்ட டி பியர்ஸ் அனுமதி கேட்டபோது, பழைய ஒப்பந்தத்தையும் சேர்த்துப் பேசலாம் என்றது அரசு. வெளிநாட்டு வழக்கறிஞர்களையும் பொருளியலாளர்களையும் கூலிக்கு அமர்த்தி, கணக்கை வரிவரியாகக் கற்றுக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். 1975இல் பங்கு 50 விழுக்காடு ஆயிற்று. உரிமத்தொகை, வரி, ஈவுத்தொகை எல்லாம் சேர்த்தால் இலாபத்தில் முக்கால் பங்குக்கும் மேல் அரசின் கைக்கு வந்தது. அந்த நிறுவனம்தான் பின்னாளில் டெப்ஸ்வானா.

அடுத்த ஆண்டு, 1976 ஆகஸ்டு 23 அன்று, தென்னாப்பிரிக்க ராண்டை விட்டுவிட்டுத் தனி நாணயம் வெளியிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் புலா. செட்ஸ்வானாவில் புலா என்றால் மழை. வாழ்த்துச் சொல்லும் அதுதான், நாட்டின் இலச்சினையில் பொறித்த சொல்லும் அதுதான். மாடுகள் செத்துக் கிடந்த பஞ்சத்தைப் பார்த்த தலைமுறை, கையில் வாங்கும் காசுக்கு மழை என்று பெயர் வைத்தது. எனக்குத் தெரிந்து உலகில் இத்தனை அழகான பெயர் கொண்ட நாணயம் வேறில்லை.

பணம் கொட்டத் தொடங்கியது. 1965லிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், தலைக்கு உற்பத்தி ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் சராசரியாக வளர்ந்தது. அந்தக் காலத்தில் உலகில் வேறெந்த நாடும் இந்த வேகத்தில் வளரவில்லை. விடுதலையின்போது ஒன்றுமில்லாதிருந்த சுரங்கத் துறை 1980களின் கடைசியில் நாட்டு உற்பத்தியில் பாதியைத் தந்தது. 1980இல் செரெட்சே இறந்த பிறகு தலைவரான மசீரே, அதற்கு முன் நீண்ட காலம் நிதி அமைச்சர். ஐந்தாண்டுத் திட்டத்தில் இல்லாத எந்த வேலைக்கும் காசு இல்லை என்பதில் அவர் பிடிவாதம் பிரசித்தம். நல்ல ஆண்டுகளில் வந்ததை மத்திய வங்கி வெளிநாட்டில் சேர்த்து வைத்தது. 1980களின் தொடக்கத்தில் சந்தை சரிந்து, பல மாதம் கல்லை விற்க முடியாமல் போனபோது அந்தக் கையிருப்பில் வண்டி ஓடியது. அப்போது விற்காமல் குவித்து வைத்த கற்களை 1987இல் டி பியர்ஸுக்குக் கொடுத்து, பணத்தோடு அந்த நிறுவனத்தின் பங்குகளையும் நிர்வாகக் குழுவில் இரண்டு நாற்காலிகளையும் வாங்கிக்கொண்டார்கள்.

நிலத்தை விற்று வந்த பணத்தில் மளிகைச் செலவு செய்யாதே என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். சம்பளம் அடுத்த மாதமும் வரும். விற்ற நிலம் வராது. வைரமும் அப்படித்தான். நாட்டு வருமானக் கணக்கில் அது வருமானம் என்று எழுதப்பட்டாலும் உண்மையில் அது சொத்து கைமாறுவது. 1990களில் போட்ஸ்வானா இதை ஒரு விதியாகவே எழுதியது. தினப்படிச் செலவு முழுவதையும் வைரம் அல்லாத வருமானத்திலிருந்தே பார்க்க வேண்டும். வைரப் பணம் முதலீட்டுக்கும் சேமிப்புக்கும் மட்டும். 1993இல் புலா நிதியம் என்று தனிச் சேமிப்பும் வைத்தார்கள். பல வளரும் நாடுகளின் வரவு செலவுக் கணக்குகளை இந்தத் தொடருக்காகப் படித்தபோது, இப்படி ஒரு வரியை இத்தனை தெளிவாக எழுதி வைத்துக்கொண்ட அரசை நான் அரிதாகவே கண்டேன்.

ஆனால் விதியில் ஒரு வாசலும் இருந்தது. கல்வி, மருத்துவச் செலவு எல்லாவற்றையும் முதலீடு என்றே கணக்கு வைத்தார்கள். பள்ளிக்கூடம் கட்டுவது முதலீடு, சரி. ஆசிரியருக்கு மாதந்தோறும் தரும் சம்பளமும் அதே தலைப்பில் ஏறியது. மனிதனைப் படிக்க வைப்பதைவிட மேலான முதலீடு உண்டா என்ற வாதத்தை நான் மறுக்க மாட்டேன். இருந்தாலும் அந்தச் சம்பளம் வைரம் தீர்ந்த பிறகும் கொடுத்தாக வேண்டிய சம்பளம்.

அந்த முதலீடு உயிர் காத்த கட்டம் ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டி, வயது வந்தோரில் நான்கில் ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. ஒரு தேசமே அற்றுப்போகுமோ என்று அஞ்சிய காலம். 2002இல், அப்போதைய தலைவர் ஃபெஸ்டஸ் மொகாயேயின் அரசு, தேவைப்படும் குடிமக்கள் அனைவருக்கும் இலவச மருந்து தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் அதுவே முதல். மாசா என்று பெயர், புதிய விடியல். வெளிநாட்டு அறக்கட்டளைகளும் மருந்து நிறுவனங்களும் கைகொடுத்தன. நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவைத் தாங்கியது வைரப் பணம்.

அதே 2002இல் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். கலஹாரியின் நடுவே 1961இல் ஒதுக்கப்பட்ட காப்பகத்தில் சான் மக்கள் வாழ்ந்தார்கள். அந்த மண்ணின் ஆதிக் குடிகள். 1997இலும் 2002இலும் அரசு அவர்களை அங்கிருந்து வெளியேற்றிக் குடியிருப்புகளில் சேர்த்தது. மொத்தோமெலோ என்ற இடத்தில் அவர்களுக்குத் தண்ணீர் தந்த ஆழ்துளைக் கிணற்றை மூடிவிட்டார்கள். வனவிலங்குகளைக் காக்கவும், பள்ளி, மருத்துவ வசதி தரவும்தான் என்றது அரசு. காப்பகத்துக்குள் கோப்பே பகுதியில் இருந்த வைரத்துக்காக என்றார்கள் சான் மக்களின் பக்கம் நின்றவர்கள். வழக்கு நடந்தது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், அவர்களை வெளியேற்றியது தவறு, திரும்பிப் போகலாம் என்றது. தண்ணீர்? அதற்கு இன்னொரு வழக்கு. 2011இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கிணற்றைப் பயன்படுத்தும் உரிமையைத் தந்தது. காசுக்கு மழை என்று பெயர் வைத்த நாட்டில் ஒரு பாலைவனக் கிணறு ஒன்பது ஆண்டுகள் மூடிக் கிடந்தது. எட்டுக் குலங்களும் மேல்வாரத்தைப் பொதுவில் வைத்தபோது, அந்த எட்டில் சேராத இவர்களிடம் யாரும் கேட்கவில்லை. போட்ஸ்வானாவை முன்மாதிரி என்று புகழும் புத்தகங்கள் இதை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன; எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது.

சேமிப்புக்கு வந்த சோதனை 2008இன் உலக நெருக்கடி. அமெரிக்காவில் மோதிரம் வாங்குவது நின்றதும் டெப்ஸ்வானா சுரங்கங்களையே சில மாதம் மூடியது. நெடுங்காலமாக எவரிடமும் பெரிதாகக் கையேந்தாமல் இருந்த அரசு 2009இல் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியிடம் 150 கோடி டாலர் கடன் வாங்கியது. அதன் பிறகு சேமிப்பு பழைய உயரத்தில் நிலைக்கவில்லை. டி பியர்ஸ் தன் கல் விற்பனையை 2013இல் லண்டனிலிருந்து போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனேவுக்கு மாற்றியது பெரிய வெற்றிதான். ஆயினும் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கு வைரமாகவே நீடித்தது. மாட்டிறைச்சி, சுற்றுலா தவிர வேறு எதுவும் பெரிதாக எழும்பவில்லை. செலெபி-பிக்வே செம்பு நிக்கல் சுரங்கம் நெடுங்காலம் நட்டத்தில் ஓடி 2016இல் மூடப்பட்டது. வருமான ஏற்றத்தாழ்வில் உலகின் மோசமான நாடுகளின் வரிசையில் போட்ஸ்வானா இன்றும் நிற்கிறது.

இப்போது வந்திருக்கும் அடி சந்தை ஏற்ற இறக்கம் போன்றதல்ல. வைரத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கலாம். சாதாரணக் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. விலை மிகக் குறைவு. அதில் இந்தியாவுக்கு முக்கிய இடம். 2023 ஜூனில் பிரதமர் மோடி வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோன பரிசு 7.5 காரட் ஆய்வுக்கூட வைரம். அதே ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டம் இந்தத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்காக ஐந்து ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது சென்னை ஐ.ஐ.டி.க்கு. அடையாறில் வளரும் கல்லுக்கும் ஜ்வானெங்கில் தோண்டும் கல்லுக்கும் இப்போது ஒரே கடைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டி.

2024இல் போட்ஸ்வானாவின் உற்பத்தி ஏறத்தாழ 3 விழுக்காடு சுருங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கரோவே சுரங்கத்தில் ஏறத்தாழ 2,490 காரட் எடையுள்ள ஒரே கல் கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் காணாத அளவு. இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில், விடுதலை நாள் முதல் 58 ஆண்டுகள் இடைவிடாமல் ஆண்ட செரெட்சேயின் கட்சியை மக்கள் இறக்கினார்கள். புதிய தலைவர் டூமா போக்கோ பதவியேற்றதும் டி பியர்ஸுடன் நெடுநாள் இழுத்த பேச்சை முடித்தார். அரசு தானே விற்கும் கல்லின் பங்கு படிப்படியாக ஏறும் என்பது 2025 ஒப்பந்தம். வாங்க ஆள் குறைந்த நேரத்தில் கிடைத்த பெரிய பங்கு அது.

2025 ஆகஸ்டில் போக்கோ தொலைக்காட்சியில் தோன்றி பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தார். மாசா திட்டத்தால் ஒரு தலைமுறையைக் காப்பாற்றிய நாட்டின் மருத்துவமனைகளில் மருந்து இருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. மருந்துகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை ராணுவத்திடம் கொடுத்து, அவசர நிதியாக 25 கோடி புலா ஒதுக்கினார். அதே மாதம் ஜ்வானெங்கில், கறையான் காட்டிக் கொடுத்த குழியை இன்னும் ஆழமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

(தொடரும்)